உலோகத்தைத் தொடாது தட்டுதல்: லேசர் துடிப்புகளால் எழும் மேற்பரப்பு அலைகள்

மட்பானை வாங்குவோர் அதனை விரலாற் சுண்டிப் பார்த்த பின்னரே விலை பேசுவர். கணீரென்று ஒலித்தாற் பானை நல்லது. ஒலி அடைத்துக் கேட்டால் எங்கோ கீறல் உண்டு. கண்ணுக்குப் புலப்படாத குறையைச் செவி அறிந்துகொள்ளும் இவ்வழக்கத்தில் அடிப்படையான பௌதிகவியல் உண்மையொன்று அடங்கியுள்ளது. திண்மப் பொருளொன்றைத் தட்டும்போது அதனுட் பரவும் அதிர்வுகள், அப்பொருள் எங்கே தொடர்ச்சியாக உள்ளது, எங்கே அத்தொடர்ச்சி அறுந்துள்ளது என்னுஞ் செய்தியைத் தம்முடன் கொண்டுவருகின்றன. புகையிரதச் சில்லுகளைச் சுத்தியலாற் தட்டிப் பார்த்த தொழிலாளியும் சந்தையிற் பானையைச் சுண்டிப் பார்க்கும் மூதாட்டியும் கையாண்டது ஒரே முறையே.

ஆயின் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. விரலாற் சுண்டும் சுண்டல் ஏறத்தாழ ஆயிரத்திலொரு செக்கன் நீடிக்கும் எனக் கொள்வோம். அந்நேரத்தில் உருக்கின் மேற்பரப்பு வழியே செல்லும் அலை 3 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடும். இவ்வாறு எழும் அலையின் நீளம் மீற்றர் கணக்கினது. ஒரு மில்லிமீற்றர் ஆழமுள்ள வெடிப்பு அதன் வழியில் இருப்பினும் இல்லாவிடினும் அவ்வலைக்கு ஒன்றே. குறையின் அளவோடு ஒப்பிடத்தக்க நீளமுடைய அலையே அக்குறையைக் காட்டிக்கொடுக்கும். எனவே ஒரு மில்லிமீற்றர் வெடிப்பைத் தேடுவோர்க்கு மைக்குரோசெக்கனின் மூன்றிலொரு பங்கு நேரத்துள் தட்டி மீளும் சுத்தியல் வேண்டும். அத்தகைய சுத்தியலொன்றை ஒளியினால் ஆக்கலாம் என்பதும், அது உலோகத்தைத் தொடாமலே தட்டும் என்பதும் கடந்த அறுபதாண்டுக் கால ஆராய்ச்சியின் பயனாகும். அது எவ்வாறு நிகழ்கின்றது, அதன் எல்லைகள் யாவை, அதனால் மனிதர்க்கு ஆகும் பயன் யாது என்பவற்றை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேற்பரப்பு அலையின் இயல்பு

திண்மப் பொருளொன்றின் உட்புறத்தே இருவகை மீள்தன்மை அலைகள் செல்லலாம். துணிக்கைகள் அலை செல்லும் திசையிலேயே முன்பின்னாக அசையும் நெட்டாங்கலை ஒன்று; அத்திசைக்குச் செங்குத்தாக அசையும் குறுக்கலை மற்றொன்று. அலுமினியத்தில் முன்னையது செக்கனுக்குச் சுமார் 6.4 கிலோமீற்றர் வேகத்திலும் பின்னையது சுமார் 3.1 கிலோமீற்றர் வேகத்திலும் செல்கின்றன. இவ்விரண்டுக்கும் புறம்பாக மூன்றாவது அலையொன்றும் இருத்தல் கூடும் என்பதை 1885 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் றேலி பிரபு கணிதவழியாக நிறுவினார். திண்மத்தின் சுயாதீன மேற்பரப்பைப் பற்றிக்கொண்டே செல்லும் இவ்வலை புவிநடுக்கங்களில் முக்கிய பங்கு வகிக்கக்கூடும் என்றும் அவர் குறிப்பிட்டார். பின்வந்த புவிநடுக்கவியல் ஆய்வுகள் அவருடைய ஊகம் சரியென்றே காட்டின. இன்று அவர் பெயராலேயே இது றேலி அலை என வழங்குகின்றது.

இவ்வலையின் மூன்று இயல்புகள் இங்கு நம் கவனத்துக்குரியவை. முதலாவது, அதன் வேகம் குறுக்கலையின் வேகத்திலும் சற்றுக் குறைவானது. பெரும்பாலான உலோகங்களில் அது குறுக்கலை வேகத்தின் 92 அல்லது 93 சதவீதமாக அமைகின்றது. அலுமினியத்தில் அது செக்கனுக்குச் சுமார் 2.9 கிலோமீற்றர், உருக்கிற் சுமார் 3 கிலோமீற்றர். ஒரே சீரான உலோகத்தில் இவ்வேகம் மீடிறனைப் பொறுத்து மாறுவதில்லை. ஆதலின் குறுகிய துடிப்பொன்று தன் உருவங் குலையாமல் நெடுந்தூரஞ் செல்லும். மேற்பரப்பில் வேறொரு பொருளின் பூச்சோ கடினமாக்கப்பட்ட படையோ இருப்பின், வெவ்வேறு மீடிறன்கள் வெவ்வேறு வேகத்திற் செல்லத் தொடங்கும். அவ்வேறுபாட்டைக்கொண்டே அப்படையின் தடிப்பையும் மீள்தன்மையையும் கணிக்க இயலும்.

இரண்டாவது, அலையின் அசைவு மேற்பரப்பிலேயே செறிந்துள்ளது. துணிக்கைகள் நீள்வளையப் பாதையிற் சுழல்கின்றன. ஆழஞ் செல்லச் செல்ல அச்சுழற்சி விரைவாக அற்றுப்போகின்றது. ஏறத்தாழ ஓர் அலைநீள ஆழத்துக்குள்ளேயே சத்தியின் பெரும்பகுதி அடங்கிவிடும். அலுமினியத்தில் 1 மெகாஹேட்ஸ் மீடிறனுடைய அலை 2.9 மில்லிமீற்றர் ஆழம்வரையும், 10 மெகாஹேட்ஸ் அலை 0.29 மில்லிமீற்றர் ஆழம்வரையும் உலோகத்தைத் துழாவுகின்றன எனலாம். ஆகவே மீடிறனைத் தெரிந்தெடுப்பதென்பது எவ்வளவு ஆழத்தைப் பார்க்கவேண்டும் என்பதைத் தெரிந்தெடுப்பதேயாகும்.

மூன்றாவது, இவ்வலை பரவுவது இரு பரிமாணத்திலாகும். உட்புற அலையொன்று மூலத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் விரிந்து, தூரத்துக்கு நேர்மாறு விகிதத்தில் வீச்சங் குறைந்துபோகின்றது. மேற்பரப்பு அலையோ தூரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்மாறாகவே குறைகின்றது. மேலும், மேற்பரப்பின் சிறு வட்டமொன்றிற் செங்குத்தாக அதிரும் விசை தொழிற்படும்போது வெளிப்படும் சத்தியில் ஏறத்தாழ மூன்றிலிரு பங்கு றேலி அலையாகவே செல்கின்றது என மில்லர், பேர்சி ஆகியோர் 1955 இற் கணித்துக் காட்டினர். உலோகக் களைப்பினால் தோன்றும் வெடிப்புகள் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே கருக்கொள்கின்றன. மேற்பரப்பிற் செறிந்து, மேற்பரப்பிலேயே நெடுந்தூரஞ் செல்லும் அலையொன்று அவற்றைத் தேடுவதற்கு மிகப் பொருத்தமான கருவி என்பது சொல்லாமலே விளங்கும்.

ஒளியிலிருந்து ஒலி

பளிங்குகள் சிலவற்றுக்கு மின்னழுத்தங் கொடுத்தால் அவை விரிந்து சுருங்கும். இவ்வழுத்தமின் இயல்பைப் பயன்படுத்தி, பளிங்கின் மேல் விரல்கள் கோத்தாற்போன்ற உலோகக் கோடுகளைப் பதித்து, மேற்பரப்பு அலைகளை நேரடியாக எழுப்பும் வழியைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைற், வொல்ற்மர் ஆகியோர் 1965 இற் கண்டனர். தொலைக்காட்சிப் பெட்டிகளிலும் பின்னர் கைத்தொலைபேசிகளிலும் அலைவடிகளாகப் பயன்பட்ட கருவிகள் இவ்வழி வந்தவையே. ஆயின் உலோகங்களுக்கு அழுத்தமின் இயல்பு இல்லை. ஆகவே உலோகமொன்றிற் கழியொலி அலையை எழுப்ப வேண்டுமாயின், வேறொரு பளிங்கை அதன்மீது எண்ணெய் அல்லது பசை இட்டு ஒட்டவைத்தல் வேண்டும். சூடான உலோகத்திலும் அசைந்தோடும் பொருளிலும் கை எட்டாத இடங்களிலும் இது கடினம். ஒட்டுப்படையின் தடிப்புக்கேற்ப அளவீடும் மாறும்.

இவ்விடத்தில் ஒளி துணைக்கு வருகின்றது. ஒளியைக் கொண்டு ஒலியெழுப்பலாம் என்பது புதிய செய்தியன்று. தொலைபேசியோடு தொடர்புடையவராக நாம் அறிந்த அலெக்சாந்தர் கிரகாம் பெல், 1880 இல் சூரிய ஒளியை விரைவாக விட்டுவிட்டு மெல்லிய தட்டுகளின் மேல் விழச்செய்தபோது அவற்றினின்று ஒலி எழக் கேட்டார். ஒளி படுந்தோறும் தட்டுச் சிறிது வெப்பமடைந்தது. ஒளி மறைந்தபோது குளிர்ந்தது. அவ்வேற்ற இறக்கமே ஒலியாயிற்று. எனினும் சூரிய ஒளியைப் பொறியொன்றால் வெட்டிவிடும் வேகம் செவிக்கு எட்டும் மீடிறன்களுக்கே போதுமானது. மெகாஹேட்ஸ் அளவை எட்டுவதற்கு வேறுவகை ஒளி மூலம் வேண்டியிருந்தது.

1960 மே மாதத்தில் மைமன் முதலாவது லேசரை இயக்கிக் காட்டினார். அடுத்த ஈராண்டுகளுள், லேசரினுட் சத்தியைத் தேக்கிவைத்து ஒரே கணத்தில் திறந்துவிடும் உத்தி கைவந்தது. பத்து நனோசெக்கன் அளவில் முடிந்துவிடும் ஆற்றல்மிக்க துடிப்புகள் கிடைத்தன. மேலே நாம் தேடிய சுத்தியல் இதுவே. 1963 இல் வைற், மேற்பரப்பொன்று கணநேரம் வெப்பமூட்டப்படுவதால் மீள்தன்மை அலைகள் எவ்வாறு எழுகின்றன என்பதைக் கோட்பாட்டு முறையில் ஆராய்ந்தார். 1968 இல் லீ என்பவருடன் சேர்ந்து அதே வழியில் மேற்பரப்பு அலைகளையும் எழுப்பினார். பின்னர் 1980 அளவில் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த ஸ்கிரபியும் ஹல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டியூஹேர்ஸ்ற், ஹச்சின்ஸ், பாமர் ஆகியோரும், லேசர் பட்ட உலோகத்தில் எழும் அலைகளை அளவறி முறையில் ஆராய்ந்தனர். அதுவரை ஒரு விந்தையாக இருந்த நிகழ்ச்சி அதன்பின் அளவீட்டுக் கருவியாக உருப்பெறலாயிற்று.

உலோகத்தினுள் நிகழ்வது என்ன?

மினுக்கப்பட்ட அலுமினியத் துண்டொன்றின்மேல் 10 நனோசெக்கன் நீடிக்கும் லேசர் துடிப்பொன்று விழுகின்றது எனக் கொள்வோம். அதன் சத்தி 10 மில்லியூல். அது விழும் வட்டத்தின் விட்டம் 3 மில்லிமீற்றர். அலுமினியம் நல்ல ஆடி ஆதலால், ஒளியின் பெரும்பகுதி தெறித்து மீண்டுவிடும். 7 சதவீதமளவே உறிஞ்சப்படும். இச்சிறு பகுதியும் உலோகத்தின் மேற்புறத்தே நனோமீற்றர் கணக்கான படையொன்றில் இலத்திரன்களால் ஏற்கப்பட்டு உடனடியாக வெப்பமாகின்றது. துடிப்பு முடிவதற்குள் இவ்வெப்பம் கடத்தலினாற் சுமார் 2 மைக்குரோமீற்றர் ஆழம்வரை மட்டுமே பரவமுடியும். ஆகவே சூடாவது 3 மில்லிமீற்றர் அகலமும் மனிதத் தலைமயிரின் தடிப்பிற் சிறு பங்கே தடிப்பும் உள்ள மெல்லிய தட்டொன்றாகும். அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறனையும் வெப்பக் கொள்ளளவையுங் கொண்டு கணித்தால், மேற்பரப்பின் வெப்பநிலை சுமார் 45 பாகை செல்சியசு உயரும் எனக் காணலாம். கையால் தொட்டாற்கூட உணரமுடியாத அளவு வெப்பமே உலோகத்துட் புகுந்துள்ளது. ஆனால் அது புகுந்த வேகமே விளைவைத் தீர்மானிக்கின்றது.

சூடான தட்டு விரிய முனைகின்றது. மேல்நோக்கி விரிவதற்குத் தடையில்லை. அங்கே காற்று மட்டுமே உள்ளது. பக்கவாட்டில் விரிவதைச் சூழவுள்ள குளிர்ந்த உலோகம் தடுக்கின்றது. ஆகவே மேற்பரப்புக்குச் சமாந்தரமாக எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கித் தள்ளும் தகைப்பொன்று நனோசெக்கன்களுக்குள் எழுகின்றது. நெருக்கமான கூட்டத்தின் நடுவே நிற்கும் ஒருவர் திடீரெனத் தம் முழங்கைகளை விரித்தால் அத்தள்ளல் வரிசை வரிசையாகச் செல்வதுபோல, இத்தகைப்பு மீள்தன்மை அலைகளாகச் சூழவும் விரைகின்றது. விசை மேற்பரப்பை நோக்கிக் கீழே அமுக்குவதன்று, மேற்பரப்பின் வழியே தள்ளுவது என்பது இங்கு கருதற்பாலது. அவுஸ்திரேலியாவின் றோஸ் என்பவர் 1984 இல் இம்மூலத்தை மேற்பரப்பில் அமைந்த விரிவு மையமாகக் கொண்டு கணித உருவில் தந்தமை, பின்வந்த ஆய்வாளர் பலருக்கும் அடிப்படையாயிற்று.

இவ்வாறு எழும் அலையால் உலோகத்தின் மேற்பரப்பு எவ்வளவு அசையும்? நாம் எடுத்துக்கொண்ட உதாரணத்தில் அது நனோமீற்றர் அளவினதே, அதாவது சில அணுக்களை அடுக்கிய உயரமே. அவ்வசைவைப் பிடித்து அளக்க முடிகின்றது என்பதே இத்துறையின் வளர்ச்சிக்குச் சான்றாகும்.

சேதமில்லாமல் தட்டுதல்

லேசரின் வலுவைக் கூட்டினால் அலையும் வலுக்குமன்றோ? வலுக்கும், ஆயின் ஓர் எல்லைக்கு மேல் நிகழ்ச்சியின் இயல்பே மாறிவிடும். மேற்கூறிய வட்டத்தில் 10 மில்லியூலுக்குப் பதிலாகச் சுமார் 140 மில்லியூல் விழுமாயின், மேற்பரப்பு அலுமினியத்தின் உருகுநிலையாகிய 660 பாகையை அணுகும். அதற்கப்பால் உலோகம் ஆவியாகி, ஒளிரும் மின்மப்புகையாக மேலெழும். அவ்வாறு பறந்து செல்லும் அணுக்கள் பின்னுதைப்பாக உலோகத்தைச் செங்குத்தாக அமுக்குகின்றன. இப்பொழுது தொழிற்படுவது உண்மையான சுத்தியல் அடிதான். அலைகள் மிக வலுவாக எழுகின்றன. ஆனால் ஒவ்வோர் அடியும் உலோகத்தில் ஒரு நுண்குழியை விட்டுச்செல்கின்றது.

வெடிப்பைத் தேடப் புகுந்தவர் வெடிப்புக்கு வித்திடும் குழிகளை இட்டுச் செல்வது முறையாகாது. பொறியொன்றிற் பூட்டப்படவுள்ள அல்லது ஏற்கெனவே தொழிற்பட்டுக்கொண்டிருக்கும் பாகத்தைச் சோதிப்போர் வெப்பமீள்தன்மை முறை எனப்படும் முன்னைய முறைக்குள்ளேயே நிற்றல் வேண்டும். உருகாமை ஒன்றே பாதுகாப்புக்குப் போதிய சான்றன்று என்பதையும் இங்கு சொல்லல் தகும். தடுக்கப்பட்ட விரிவினால் எழும் தகைப்பு, வெப்பநிலை 110 பாகை உயரும்போதே அலுமினியத்திற் சுமார் 270 மெகாபஸ்காலை எட்டுகின்றது. விமானங்களுக்குப் பயன்படும் வன்மையான கலப்புலோகங்கள் இதனைத் தாங்கும். மென்மையான தூய அலுமினியம் தாங்காது, அதன் மேற்படை நிலையான உருமாற்றமடையும். ஆகவே எந்த உலோகம், எந்த நிலையில் உள்ளது என்பதை அறியாது எல்லையை வகுக்க முடியாது. எண்ணெய் அல்லது நீரின் மெல்லிய படலத்தைப் பூசி, உலோகத்துக்குப் பதிலாக அதனை ஆவியாக்கி அலையை வலுப்படுத்துவதும் உண்டு. ஆயின் தொடாமற் சோதித்தல் என்னும் பயனில் ஒரு பகுதி அப்போது இழக்கப்படுகின்றது.

புள்ளியும் கோடும்

ஒருபுறம் அலைநீளம் குறுகியதாக வேண்டும். மறுபுறம் மேற்பரப்பு சேதமுறலாகாது. இவ்விரு தேவைகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. லேசர் துடிப்பு எவ்வளவு குறுகியதாயினும், அது விழும் இடம் அகன்றதாயின், அதன் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு அலை செல்லும் நேரமே துடிப்பின் நீளமாகிவிடும். 3 மில்லிமீற்றர் வட்டமொன்றை மேற்பரப்பு அலை கடக்க ஒரு மைக்குரோசெக்கன் ஆகும். ஆகவே அது எழுப்பும் அலையும் மில்லிமீற்றர் நீளங்களுடையதாகவே இருக்கும். அலைநீளத்தைப் பத்திலொன்றாக்க வட்டத்தின் விட்டத்தை 0.3 மில்லிமீற்றராகச் சுருக்கினால், பரப்பு நூறிலொன்றாகும். அதே 10 மில்லியூல் அச்சிறு பரப்பில் விழுந்தால், கணக்கின்படி வெப்பநிலை ஆயிரக்கணக்கான பாகை உயரவேண்டும். நடைமுறையில் உலோகம் உருகி ஆவியாகும்.

இம்முரண்பாட்டைத் தீர்க்கும் வழி எளிமையானது. சாதாரண வில்லைக்குப் பதிலாக உருளை வில்லையொன்றைப் பயன்படுத்தினால், ஒளி புள்ளியாகக் குவியாது கோடாகக் குவியும். 10 மில்லிமீற்றர் நீளமும் 0.3 மில்லிமீற்றர் அகலமும் உள்ள கோட்டில் அதே சத்தியைப் பரப்பினால், பரப்பு 0.3 மில்லிமீற்றர் விட்டமுள்ள புள்ளியினதிலும் 42 மடங்காகும். வெப்பநிலை உயர்வு சுமார் 110 பாகையோடு நின்றுவிடும். அலைநீளத்தைத் தீர்மானிப்பது கோட்டின் அகலம். சேதத்தைத் தீர்மானிப்பது அதன் பரப்பு. கோடு நீளும்போது பரப்பு மட்டுமே கூடுகின்றது, அகலம் மாறுவதில்லை.

கோட்டினால் வேறொரு நன்மையும் உண்டு. நீரில் எறிந்த கல் வட்ட அலைகளை எழுப்புகின்றது. நீளக் கிடையாக விழுந்த தடி தன் இருபக்கமும் நேரான அலைகளை எழுப்புகின்றது. அதுபோலக் கோட்டின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் எழும் சிற்றலைகள் கோட்டுக்குச் செங்குத்தான திசையில் ஒரேவேளையிற் சேர்ந்து வலுக்கின்றன; ஏனைய திசைகளில் ஒன்றையொன்று அழிக்கின்றன. இவ்வாறு திசைப்படுத்திய மேற்பரப்பு அலைத் துடிப்புகளை உலோகங்களில் எழுப்பியமையை எயின்டோ, டியூஹேர்ஸ்ற், பாமர் ஆகியோர் 1982 இல் வெளியிட்டனர். மேற்கண்ட அளவுடைய கோட்டிலிருந்து புறப்படும் அலை, விரிந்து வீணாகாமற் சில சென்ரிமீற்றர் தூரஞ் செல்லும். ஒரு கோட்டுக்குப் பதிலாகச் சமதூரத்திற் பல கோடுகளை ஒருங்கே வீழ்த்தினால், கோடுகளின் இடைத்தூரத்துக்குச் சமமான அலைநீளமே மேலோங்கி எழும். இடைத்தூரம் ஒரு மில்லிமீற்றராயின் அலுமினியத்திற் சுமார் 2.9 மெகாஹேட்ஸ் அலை கிடைக்கும். எந்த ஆழத்தைத் துழாவவேண்டுமோ அதற்கேற்ற அலையை இவ்வாறு ஒளியின் வடிவத்தைக் கொண்டே தெரிந்தெடுக்கலாம்.

அலையைக் கேட்டல்

எழுப்பிய அலையைக் கேட்கும் கருவியும் உலோகத்தைத் தொடாதிருத்தல் விரும்பத்தக்கது. அதற்கும் ஒளியே பயன்படுகின்றது. தொடர்ந்து ஒளிரும் மெல்லிய லேசர்க் கற்றையொன்றை மேற்பரப்பில் விழுத்தி, தெறித்து வரும் ஒளியை மற்றொரு கற்றையுடன் சேர்த்தால், இரண்டும் தலையிட்டு ஒளிப்பட்டைகளைத் தரும். மேற்பரப்பு அசையும்போது பட்டைகளும் நகரும். ஈலியம்-நியோன் லேசரின் அலைநீளம் 633 நனோமீற்றர் ஆதலின், ஒரு நனோமீற்றர் அசைவு ஒரு பட்டையின் முந்நூறில் ஒரு பங்களவே நகர்த்தும். இந்நுண்ணிய நகர்வை மின்முறையாற் பெருக்கி அளக்கின்றனர். மினுக்கப்படாத கரடான மேற்பரப்பில் தெறிக்கும் ஒளி சிதறிவிடும் என்பது நெடுங்காலம் ஒரு தடையாயிருந்தது. சிதறிய ஒளியையும் ஏற்கவல்ல தலையீட்டுமானிகளை உருவாக்குவதிற் கனடாவின் மொன்சலின் முதலியோர் 1980 களில் ஆற்றிய பணி, ஆய்வுகூடத்திலிருந்து இம்முறையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுசெல்ல உதவியது. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட மின்காந்தக் கருவிகளும் தொடாமற் கேட்கவல்லவை. ஆயின் அவை மேற்பரப்பிலிருந்து சில மில்லிமீற்றருக்குள் இருத்தல் வேண்டும்.

வெடிப்பை அறியும் முறை

உருக்குத் தண்டவாளமொன்றின் மேற்பரப்பிற் கோட்டுருவ லேசர் துடிப்பு விழுகின்றது. அதிலிருந்து 20 மில்லிமீற்றர் தூரத்தில் அலை கேட்கப்படுகின்றது எனக் கொள்வோம். நேரே வரும் அலை 6.7 மைக்குரோசெக்கனில் வந்து சேரும். அதற்குப்பின் 16.7 மைக்குரோசெக்கனில் இரண்டாவது சிற்றலையொன்று வருமாயின், முன்னே சென்ற அலை எதிலோ பட்டுத் தெறித்து மீண்டுள்ளது. இடைப்பட்ட 10 மைக்குரோசெக்கனில் அலை 30 மில்லிமீற்றர் சென்றிருக்கும். அது போய்மீண்ட தூரம் ஆதலின், வெடிப்பு கேட்கும் இடத்திலிருந்து 15 மில்லிமீற்றர் அப்பால் உள்ளது. இடம் தெரிந்துவிட்டது.

ஆழத்தை அறிவதற்கு வெடிப்பின் மறுபுறத்தே நின்று கேட்டல் வேண்டும். குறுகிய துடிப்பொன்றிற் பல மீடிறன்கள் கலந்துள்ளன. வெடிப்பின் ஆழத்திலும் குறைந்த ஆழத்தையே துழாவும் உயர் மீடிறன் அலைகள் வெடிப்பினால் தடுக்கப்படுகின்றன. ஆழமாகத் துழாவும் தாழ் மீடிறன் அலைகள் வெடிப்பின் அடிவழியே மறுபுறஞ் சென்றுவிடுகின்றன. எந்த மீடிறனுக்கு மேல் அலைகள் அற்றுப்போயின என்பதைக்கொண்டு ஆழத்தை மதிப்பிடலாம். வெடிப்பு மிகச் சிறிதாயின் தெறிப்பலை கேளாது போகலாம். அத்தகைய நிலையில் லேசர்க் கோட்டையே மேற்பரப்பின் வழியே மெல்ல நகர்த்திச் செல்லும் உத்தியை அமெரிக்காவின் வடமேற்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருஷ்ணசுவாமி, அக்கன்பாக் முதலியோர் 2000 இல் வெளியிட்டனர். கோடு வெடிப்பின்மேல் வரும்போது, பக்கவாட்டு விரிவைத் தடுத்து நின்ற உலோகத்தின் தொடர்ச்சி அங்கே அறுந்திருப்பதாலும், அருகிருந்து தெறிக்கும் அலை உடன்சேர்வதாலும், எழும் அலையின் வீச்சமும் உருவமும் திடீரென மாறுகின்றன. அம்மாற்றமே வெடிப்பின் அறிகுறியாகும்.

அறிதலும் செயலும்

இவ்வாராய்ச்சிகளின் தேவையை இரு விபத்துகள் நினைவூட்டுகின்றன. 1988 ஏப்பிரல் 28 ஆம் நாள் ஹவாய்த் தீவுகளின் மேல் 24,000 அடி உயரத்திற் பறந்த அலோகா விமானமொன்றின் மேற்கூரையின் முன்பகுதி பிய்ந்து பறந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். ஏறத்தாழ 90,000 தடவை மேலெழுந்து இறங்கிய அவ்விமானத்தின் அலுமினியத் தோலில், தறையாணித் துளைகளைச் சூழ உலோகக் களைப்பு வெடிப்புகள் வளர்ந்திருந்தன. 2000 ஒக்ரோபர் 17 ஆம் நாள் இங்கிலாந்தின் ஹற்ஃபீல்ட் என்னுமிடத்தில், மணிக்கு 185 கிலோமீற்றர் வேகத்தில் வந்த புகையிரதத்தின் கீழ்த் தண்டவாளம் நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறியது. நால்வர் இறந்தனர், எழுபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். சில்லுகள் மீண்டும் மீண்டும் உருண்டு அழுத்தியதால் தண்டவாளத்தின் தலைப்பகுதியில் தோன்றிய நுண்வெடிப்புகளே அதற்குக் காரணமாயின. இவ்வகை வெடிப்புகள் செறிந்த இடத்தில், மேலிருந்து கீழ்நோக்கிச் செலுத்தப்படும் வழக்கமான கழியொலி அலை சிதறிப்போகின்றது. ஆழமற்ற வெடிப்புகள் ஆழமான வெடிப்பை மறைத்துவிடுகின்றன. மேற்பரப்பின் வழியே செல்லும் றேலி அலை இத்தடையைப் பக்கவாட்டில் அணுகுகின்றது. வாரிக் பல்கலைக்கழகத்தார் 2006 இல் வெளியிட்ட ஆய்வொன்று, தொடாத மின்காந்தக் கருவிகளால் எழுப்பிய மேற்பரப்பு அலைகளைக்கொண்டு தண்டவாளத் தலைப்பகுதியின் குறைகளை இனங்காணலாம் எனக் காட்டியது.

எனினும் ஹற்ஃபீல்டின் பாடம் கருவியோடு முடிவதன்று. அத்தண்டவாளத்தின் குறை விபத்துக்கு முன்னரே அறியப்பட்டிருந்தது. மாற்றுத் தண்டவாளம் வேண்டும் என்பதும் உணரப்பட்டு அதற்கு ஏற்பாடும் செய்யப்பட்டிருந்தது. ஆனால் அது உரிய காலத்திற் பொருத்தப்படவில்லை. பிரித்தானியப் புகையிரதப் பாதைகள் அப்பொழுது றெயில்ற்ராக் என்னும் தனியார் கம்பனியின் உடைமையாக இருந்தன. பராமரிப்பு வேலை ஒப்பந்தக் கம்பனிகளிடம் விடப்பட்டிருந்தது. பாதை ஒருவருடையது, அதனைப் பார்ப்பவர் வேறொருவர், செலவுக்கு இணங்கவேண்டியவர் இன்னொருவர் என்னும் நிலையில், கண்டறியப்பட்ட வெடிப்பு கண்டறியப்பட்ட வெடிப்பாகவே கிடந்தது. விபத்தின் பின் நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் வேகக்கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. 2001 இல் அக்கம்பனி நிலைகுலைந்தது. 2002 இல் பாதைகள் இலாபநோக்கற்ற நிறுவனமொன்றுக்குக் கைமாறின. பராமரிப்பு ஒப்பந்தக் கம்பனிக்கும் பாதைப் பொறுப்பேற்ற நிறுவனத்துக்கும் பாதுகாப்புச் சட்டத்தை மீறியமைக்காக 2005 இல் நீதிமன்றம் பெருந்தொகை தண்டம் விதித்தது.

ஒரு பங்கு சத்தியை மட்டும் உறிஞ்சி, ஒரு நனோமீற்றர் மட்டும் அசைந்து, தன்னுள் மறைந்துள்ள குறையை உலோகம் நமக்குச் சொல்கின்றது. அச்சொல்லைக் கேட்கும் செவியைப் பௌதிகவியல் தந்துள்ளது. அதனை மேலும் மலிவாகவும் உறுதியாகவும் ஆக்குதல் ஆய்வாளரின் பணி. லேசர்க் கருவிகளும் தலையீட்டுமானிகளும் இன்னும் விலை மிக்கவை. கண்ணுக்கு ஊறு செய்யும் ஒளியைத் திறந்தவெளியிற் கையாள்வதும் எளிதன்று. இத்தடைகள் படிப்படியாக நீங்கும். ஆயின் கீறல் உண்டென்று தெரிந்தபின் பானையை வாங்காது விடும் உரிமை சந்தைக்குச் செல்லும் மூதாட்டிக்கு உண்டு. தண்டவாளத்தின்மேற் பயணஞ் செய்வோர்க்கு அவ்வுரிமை இல்லை. அவர்கள் சார்பிற் கேட்கவும், கேட்டபின் செயற்படவும் கடமைப்பட்டவர் எவர் என்பதைச் சமூகம் தெளிவாக வகுத்துக்கொள்ளாதவரை, மிக நுண்ணிய அளவீடும் கோப்புகளில் உறங்கும் எண்ணாகவே எஞ்சும்.